முட்டையை ‘சிம்’ல வைங்க ப்ளீஸ்: ஹாஃப் பாயிலுக்கும் ஃபுல் பாயிலுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு

அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து ஈரோட்டில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் ஒரு வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். “டேய், முக்குக் கடையில போய் எனக்கு ஒரு கலக்கி வாங்கிட்டு வாடா” என்றாள்.

கலக்கி தெரியாதவர்களுக்கு: கொங்குப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளின் தனி ஐட்டம் அது. முட்டையை உப்பு, மிளகுத்தூள், ஒரு கரண்டி சால்னாவோடு டம்ளரில் அடித்து, நன்றாகக் காய்ந்த கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் நாலு பக்கமும் மடித்து, அரை நிமிடத்துக்குள் தட்டில் தள்ளிவிடுவார்கள். வெளியே மெல்லிய தோல். உள்ளே கிட்டத்தட்ட குழம்பு. வாயில் போட்டால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை.

“கலக்கியா? அது பச்சை முட்டைடி. வேணும்னா ஃபுல் பாயில் போட்டுத் தர்றேன்” என்றார் அம்மா.

“உன் ஃபுல் பாயிலா? செருப்பு மாதிரி இருக்கும்மா அது.”

அடுத்து அக்கா போனை எடுத்து ஒரு ரீல்ஸைக் காட்டினாள். இங்கிலாந்தில் ஒரு சமையல்காரர், கர்ப்பிணிகளும் மஞ்சள் கரு வழியும் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீதான பத்திரிகையில வேலை பாக்குற. நீ சொல்லு கண்ணு, எது சரி?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டபோது அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருவன். அன்று டெஸ்க்கில் ஒருத்தர், “அப்போ நம்ம ஹாஃப் பாயில் கதி?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் தேட வேண்டியதாகிவிட்டது.

அன்று ராத்திரி கலக்கி வாங்கப் போகவில்லை. அக்கா தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கோபமாகத் தூங்கப் போனாள். அடுத்த நாலு நாள் வீட்டில் முட்டை மேல் முட்டையாக உடைத்து, படித்து, அம்மாவிடம் திட்டு வாங்கி நான் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே விஷயம்தான். நம்ம வீடுகளில் முட்டை என்றால் ஒன்று பாதி பச்சை, இல்லாவிட்டால் ரப்பர். பாதுகாப்பு வேண்டும் என்றால் ருசியை விட்டுக்கொடுக்கணும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் இருக்கும் இடத்தை நாம் தாண்டிப் போவதற்கு ஒரே காரணம், அடுப்பை ஃபுல்லில் வைப்பது.

முட்டைக்குள்ள என்ன நடக்குது?

முட்டையை வேதியியல் பாடமாக்கப் போவதில்லை. நாலைந்து எண்கள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

வெள்ளைக் கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் பால் மாதிரி வெளுக்கத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டியாக ஆரம்பித்து, 70 டிகிரியை நெருங்கும்போது ஓடுவதை நிறுத்திவிடுகிறது. இரண்டையும் சேர்த்து அடித்த முட்டை 73 டிகிரி வாக்கில் பிடிக்கிறது. வெள்ளைக் கருவில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் என்ற புரதம் மட்டும் 80 டிகிரி வரை தாக்குப்பிடித்து, அதன்பிறகு இறுகுகிறது. அதற்கும் மேலே சூடு போகப் போக, புரத வலை இன்னும் இறுகி, உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆம்லெட் தட்டில் தண்ணீர் விட்டு, துண்டு மட்டும் வறண்டு போய்க் கிடப்பதைப் பார்த்திருப்பீங்களே, அது இதுதான்.

இப்போது பாதுகாப்புப் பக்கம் வருவோம். முட்டையில் பயப்பட வேண்டிய ஆள் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா. ஓட்டின் மேல் இருக்கலாம். சில சமயம், கோழிக்குள் ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விட்டிருக்கலாம். அதனால் ஓட்டைக் கழுவினால் மட்டும் பிரச்னை தீராது. அமெரிக்க வேளாண் துறை முட்டை உணவுகளுக்குச் சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 71 டிகிரி. அந்த எண்ணைப் பாருங்க. மஞ்சள் கரு ஓடுவதை நிறுத்தும் எண்ணுக்குப் பக்கத்து வீடு அது!

அதாவது முட்டையே ஒரு தெர்மாமீட்டர். மஞ்சள் கரு இன்னும் வழிகிறதா? அது 70-ஐத் தொடவில்லை. வழியாமல், ஆனால் பளபளவென்று ஈரமாக நிற்கிறதா? தொட்டுவிட்டது. ரப்பர் ஆவதற்கு அதற்குப் பிறகும் பத்து டிகிரிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அந்தப் பத்து டிகிரிக்குள் அடுப்பை அணைத்துவிட்டால் முட்டை வெந்தும் இருக்கும், மெதுவாகவும் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எண்ணெய் புகையும் தோசைக்கல் 200 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் ஊற்றிய முட்டைக்கு அந்தப் பத்து டிகிரியைக் கடக்க ஒரு சில நொடி போதும். நாம் உப்பு டப்பாவைத் தேடித் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே பத்து டிகிரி ஒன்றிரண்டு நிமிடமாக நீளும். நிறுத்த நமக்கு அவகாசம் கிடைக்கும். ‘சிம்ல வைங்க’ என்று கெஞ்சுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அப்போ அந்த இங்கிலாந்து ரீல்ஸ்? அவர் பொய் சொல்லவில்லை. 2017-ல் அந்த நாட்டின் உணவுத் தரக் கழகம், சிங்க முத்திரை போட்ட பிரிட்டிஷ் முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வழியும் பதத்தில் சாப்பிடலாம் என்று ஆலோசனையை மாற்றியது. அந்த முத்திரைத் திட்டத்தில் கோழிகளுக்கு சால்மோனெல்லா தடுப்பூசி கட்டாயம். பண்ணையிலிருந்து கடை வரை யார் கைக்குப் போனது என்ற கணக்கும் இருக்கும். நம்ம அண்ணாச்சி கடை ட்ரேயில் அப்படி ஒரு முத்திரை கிடையாது. அந்த முட்டை எத்தனை நாள் வெயிலில் இருந்தது என்று அண்ணாச்சிக்கே தெரியாது. ரீல்ஸில் முட்டையை உடைத்து மஞ்சள் வழிவதை ஸ்லோமோஷனில் காட்டுபவர்கள், இது எந்த ஊர் முட்டைக்கு, யாருக்குப் பொருந்தும் என்று ஒரு வரி சேர்ப்பதில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் அதில்தான்.

மறுபக்கத்தின் மீதும் கோபம் உண்டு. ‘முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடவும்.’ எத்தனை நோட்டீஸில் படித்திருப்போம்? நன்றாக என்றால் எவ்வளவு? யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அம்மா பாதுகாப்பு என்ற பெயரில் முட்டையை இரண்டு பக்கமும் கருக்குகிறார். அக்கா அதைத் தொட மறுக்கிறாள். கர்ப்பக் காலத்தில் புரதம் தேவைப்படும் ஒருத்தி முட்டையே வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிடுவது எந்த வகையில் பாதுகாப்பு?

என் சொந்த நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் ஹாஃப் பாயில் சாப்பிடுவேன். கண் முன்னால் உடைத்து, சுடச்சுடத் தந்தால் மட்டும். ஆனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் வழியும் மஞ்சள் கருவைத் தவிர்ப்பதுதான் சரி. எனக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகும் விஷயம் அவர்களுக்கு ஆஸ்பத்திரி வரை போகலாம்.

ஜிம்முக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு இடைச்செருகல். காலையில் பச்சை முட்டையை டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறீங்களா? 1998-ல் வெளியான பெல்ஜியம் ஆய்வு ஒன்றில், வெந்த முட்டைப் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரிமானமானது. பச்சை முட்டையில் சுமார் 51 சதவீதம்தான். ஐந்து பேரிடம் மட்டும் செய்த சின்ன ஆய்வு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் குடிப்பதற்கு ஒரு நல்ல காரணமாவது இருக்கா?

மூடி போட்ட ஹாஃப் பாயில்

நம்ம ஊர் அகராதியில் ஹாஃப் பாயில் என்றால் ஒரு பக்கம் மட்டும் வெந்தது, ஃபுல் பாயில் என்றால் திருப்பிப் போட்டது. தண்ணீரில் அவிப்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. வெளியூர் நண்பரிடம் ஹாஃப் பாயில் கேட்டு, அவர் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டித் தந்த அனுபவம் எனக்கு உண்டு.

திருப்பிப் போடுவதுதான் பிரச்னையின் தொடக்கம். திருப்பும்போது மஞ்சள் கரு உடையும் அல்லது காய்ந்த கல்லில் நேராகப் படும். திருப்பாமல் மேல்பக்கத்தை வேக வைக்க ஒரு வழி இருக்கிறது. மூடி.

கல்லை மிதமாகச் சூடாக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றுங்க. ‘ஸ்ஸ்’ என்று சத்தம் மெதுவாக வரணும். படபடவென்று வெடித்தால் சூடு அதிகம். அடிப்பக்கம் வெளுத்ததும் சிம்மில் வைத்து, முட்டையின் ஓரமாக ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி போட்டுவிடுங்க. அந்தத் தண்ணீர் ஆவியாகி மேலே இருக்கும் வெள்ளைக் கருவை வேகவைக்கும். மஞ்சள் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைத் திரை விழும். மூடியைத் திறந்து கரண்டி முனையால் மஞ்சளை லேசாக அழுத்திப் பாருங்க. தளும்பினால் உள்ளே இன்னும் திரவம். அமுங்கித் திரும்பி எழுந்தால் நின்றுவிட்டது. தளும்பும் நிலையிலிருந்து நிற்கும் நிலைக்குப் போக, எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு நிமிடம் போல ஆனது. உங்கள் அடுப்பில் கூடக் குறைய இருக்கும். கடிகாரத்தைவிடக் கரண்டியை நம்புங்க.

இரும்பு தோசைக்கல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. கனமான கல் சூட்டை விடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு வைத்தாலே மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பிஜியில் இண்டக்‌ஷன் ஸ்டவ் வைத்துக் காலம் தள்ளுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த பல இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த சூட்டில் சீராக எரியாது. ஃபுல்லாகப் பிடிக்கும், நிற்கும், மறுபடி பிடிக்கும். மெல்லிசான பாத்திரம் வைத்தால் முட்டை விட்டு விட்டுக் கருகும். அடி கனமான பாத்திரமாகப் பாருங்க. நான்ஸ்டிக் என்றால் காலியாக ஃபுல்லில் காய வைக்காதீங்க, அந்தப் பூச்சுக்கு அதிகச் சூடு ஆகாது.

ஓரம் மொறுமொறுவென்று பழுப்பாக வரும் முட்டைதான் பிடிக்கும் என்கிறீர்களா? எனக்கும் பிடிக்கும். அதற்கு எண்ணெயைத் தாராளமாக விட்டு, நல்ல சூட்டில் போட்டு, ஓரம் சிவந்தவுடன் சிம்முக்கு மாறி மூடி போடணும். நல்லெண்ணெய் என்றால் வாசனையே தனி. ஓரம் மொறுமொறு, நடு மெதுவு. இந்த ஒரு இடத்தில்தான் பெரிய தீக்கு நான் ஓட்டுப் போடுவேன்.

ஆம்லெட்டும் பொடிமாஸும்

வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட நம்ம ஆம்லெட்டுக்குள் தண்ணீர் நிறைய. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் உப்புப் பட்டதும் நீர் விட ஆரம்பிக்கும். அந்த நீர் வற்றும் வரை கல்லில் விட்டால் முட்டை அதற்குள் காய்ந்துவிடுகிறது. வழி ரொம்பச் சுலபம். வெங்காயத்தை முதலில் அதே கல்லில் அரை நிமிடம் வதக்கிவிட்டு முட்டையில் சேர்க்கணும். அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “பச்சை வெங்காயம் கடிபடணும்டா, அதுதான் ஆம்லெட்.” சரி, அது ருசி சம்பந்தப்பட்ட வழக்கு. அதில் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

உப்பைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு உண்டு. அடித்த முட்டையில் உப்பைப் போட்டு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு ஊற்றினால் ஆம்லெட் மெதுவாக வரும். உப்பு, புரதங்கள் ஒன்றோடொன்று ரொம்ப இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதைத் தடுக்கிறது. கடைசியில் மேலே தூவுவதைவிட இது மேல்.

மதுரைப் பக்கத்துக் கரண்டி ஆம்லெட்டைப் பார்த்து எனக்கு ஒரு மரியாதை வந்தது. குழிவான இரும்புக் கரண்டியில் முட்டையை ஊற்றுவதால் அது மெல்லிசாகப் பரவ முடியாது. தடிமனாக நிற்கும். தடிமன் இருந்தால் வெளியே சிவப்பதற்கும் உள்ளே வேகுவதற்கும் நடுவில் நேரம் கிடைக்கும். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். கல்லில் மெல்லிசாகப் பரப்பிய ஆம்லெட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை. வீட்டில் கரண்டி இல்லாவிட்டால் தாளிக்கும் சின்ன இரும்புச் சட்டியிலோ, ஆப்பச் சட்டியிலோ சிம்மில் மூடி போட்டுச் செய்யலாம். ஆப்பச் சட்டியில் மூன்று முட்டை ஊற்றியபோது எங்கள் வீட்டில் முதல்முறையாக அப்பா “இது யார் போட்டது?” என்று கேட்டார்.

பொடிமாஸ் பற்றி ஒரு தர்மசங்கடம். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ஸ்க்ராம்பிள்ட் எக், கிரீம் மாதிரி தளதளவென்று இருக்கும். சட்டியை அடுப்பில் வைப்பது, எடுப்பது, மறுபடி வைப்பது என்று கிளறிக்கொண்டே இருப்பார்கள். வெண்ணெய் வேறு. நானும் செய்தேன். அருமையாக வந்தது. ரசம் சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். சொதப்பல்! சோறோடு சேர்ந்து களி ஆகிவிட்டது. நம்ம பொடிமாஸ் உதிரி உதிரியாக, ஈரம் வற்றி, மிளகும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது ரசத்தை உறிஞ்சணும். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் கடிபடணும். ஆக, வறண்ட முட்டை எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. பொடிமாஸ் பண்ணுகிறவர் வறட்சி வேண்டும் என்று தெரிந்தே வற்ற வைக்கிறார். பிரெட்டுக்கு நடுவில் வைக்கப்போகும் முட்டையையும் அதே மாதிரி வற்ற வைத்தால்தான் தொண்டையில் அடைக்கிறது.

பிரெட்டோடு சாப்பிடுவதற்கு மட்டும் அந்தத் தளதள முறை. சிம்மில், விடாமல் கிளறி, எங்கேயும் திரவமாக ஓடாமல், ஆனால் இன்னும் பளபளப்பாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடணும். அடித்த முட்டை ஓடவில்லை என்றால் 70-ஐத் தாண்டிவிட்டது. அக்காவுக்கு அடுத்த நாள் காலையில் இதைத்தான் செய்து கொடுத்தேன். “பரவால்ல, ஆனா கலக்கி இல்ல” என்றாள்.

கலக்கியைப் பாதுகாப்பாக்க முடியுமா என்றும் பார்த்தேன். முடியாது. உள்ளே ஓடுவதுதான் கலக்கி. ஓடாத வரை வேகவைத்தால் அது மடித்த ஆம்லெட். இந்த இடத்தில் அம்மா சொன்னதுதான் சரி என்று எழுதியே ஆகணும்.

அவித்த முட்டையில் அந்தப் பச்சை வளையம்

பள்ளிக்கூடத்தில் மதியம் தட்டில் விழும் முட்டையை இரண்டாகப் பிட்டால் மஞ்சளைச் சுற்றி ஒரு சாம்பல் கலந்த பச்சை வளையம் இருக்கும். கெட்டுப்போன முட்டை என்று அதைத் தூக்கிப் போட்ட பையன்களை எனக்குத் தெரியும். கெடவில்லை. வெள்ளைக் கருவை ரொம்ப நேரம் வேகவைத்தால் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்து வரும். மஞ்சளில் இருக்கும் இரும்புச்சத்தோடு அது சேரும் எல்லையில் அந்த நிறம் தோன்றுகிறது. தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வாடையும், மாவு மாதிரி அடைக்கும் மஞ்சளும் சேர்ந்து எத்தனை பேரை முட்டையிலிருந்து விரட்டியிருக்கும்!

முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவதுதான் நம்ம வழக்கம். தண்ணீர் எப்போது கொதித்தது என்பது பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும், அதனால் நேரக் கணக்கே வைக்க முடியாது. முதலில் தண்ணீரைக் கொதிக்க விடுங்க. கரண்டியில் வைத்து முட்டையை மெதுவாக இறக்குங்க. நம்ம ஊர் சைஸ் முட்டைக்கு ஏழு நிமிடத்துக்குள் எடுத்தால் மஞ்சள் வழியும். ஒன்பது நிமிடத்தில் அல்வா பதம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டில் முழுசாக வெந்திருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் ஒரு நிமிடம் கூட. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போடணும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூடு தொடர்ந்து வேகவைத்துக்கொண்டே இருக்கும். கொதிநீரில் தொடங்கினால் ஓடும் சுலபமாக உரியும். ரொம்பப் புதிய முட்டை உரியாமல் அடம் பிடிப்பதற்குக் காரணம் வேறு. நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடும். அப்போதுதான் உள்தோல் பிடியை விடுகிறது.

பாத்திரம் நிறையத் தண்ணீரும் தேவையில்லை. இட்லிப் பானையில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழித்தட்டில் குழிக்கு ஒரு முட்டை வைத்து ஆவியில் வேகவைத்தால் அதே நேரத்தில் வேலை முடியும். கேஸும் மிச்சம்.

வெள்ளைக்கு ஒரு சூடு, மஞ்சளுக்கு ஒரு சூடு என்ற சிக்கலை இத்தாலியில் நேபிள்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்து 2025-ல் ஒரு வழி சொன்னார்கள். 100 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம், 30 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றி மொத்தம் 32 நிமிடம். வெளியே வெள்ளை சூட்டையும் குளிரையும் மாறி மாறி வாங்கி நன்றாக வேகும். உள்ளே மஞ்சள் 67 டிகிரியில் நிலையாக நின்றுவிடும். ஒரு ராத்திரி நானும் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம். பத்தாவது மாற்றலில் ஆபீஸிலிருந்து பிரேக்கிங் நியூஸ் கால் வந்தது. அந்த முட்டை என்ன ஆனது என்று கேட்காதீங்க.

குழம்பில் உடைச்சு ஊத்தின முட்டை

நாலாவது நாள் அம்மா எதேச்சையாக முட்டைக் குழம்பு வைத்தார். அவித்த முட்டை போட்டது இல்லை, உடைச்சு ஊத்தினது. அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதைத்தானே நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்!

வெளிநாட்டில் ‘போச்’ பண்ணுகிறேன் என்று தண்ணீரில் வினிகர் விட்டு, சுழல் உண்டாக்கி, முட்டையை நடுவில் இறக்குவார்கள். வினிகர் எதற்கு? அமிலம் இருந்தால் வெள்ளைக் கரு சீக்கிரம் திரண்டு, கலையாமல் நிற்கும். நம்ம குழம்பில் புளியும் தக்காளியும் அந்த வேலையைச் செய்கின்றன. அதைவிட முக்கியமானது, குழம்பு எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். காய்ந்த கல் மாதிரி 200-க்குப் போகாது. முட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சூடு. ஓரம் கருக வழியே இல்லை. மஞ்சள் முழுசாக நிற்கும் வரை வேகவைத்தாலும் வெள்ளை ரப்பர் ஆகாது. பாதுகாப்பும் மெதுவும் ஒரே சட்டியில்.

அதிலும் இரண்டு தப்பு செய்கிறோம். ஒன்று, தளதளவென்று கொதிக்கும் குழம்பில் நேராக உடைத்து ஊற்றுவது. கொதியில் வெள்ளை சிதறி நூல் நூலாகிவிடும். இரண்டு, பயத்தில் உடனே கரண்டியை விட்டுக் கிளறுவது. குழம்பு பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் பிரிந்ததும் சிம்முக்குக் கொண்டுவாங்க. ஒவ்வொரு முட்டையையும் ஒரு கிண்ணத்தில் உடைத்து, குழம்பின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகச் சரியுங்க. கிண்ணத்தில் உடைத்தால் கெட்ட முட்டை இருந்தாலும் குழம்பு தப்பிக்கும். மூடி போடுங்க. கரண்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஒரு எட்டு நிமிடம் வேறு வேலை பாருங்க. அப்புறம் ஒரு முட்டையை மட்டும் கரண்டியில் எடுத்து அழுத்திப் பாருங்க. தளும்பக் கூடாது.

அம்மா வழக்கம்போல அஞ்சாவது நிமிடம் தீயைக் கூட்டக் கையை நீட்டினார். “அம்மா, சிம்லயே இருக்கட்டும்” என்று ஹாலிலிருந்து சத்தம் வந்தது. நான் இல்லை, அக்கா.

சுடு சோற்றில் இரண்டு முட்டை. மஞ்சளை விரலால் பிட்டுப் பார்த்தாள். வழியவில்லை. மாவாகவும் இல்லை. குழம்போடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினாள். அம்மா என்னைப் பார்த்து, “இதுக்காடா நாலு நாளா என் அடுப்படியை நாறடிச்ச?” என்றார்.

கலக்கி விவகாரம் மட்டும் பாக்கி. குழந்தை பிறந்து, டாக்டர் சரி சொன்னதும் இரண்டு கலக்கி, சால்னா தனியாக, வாங்கி வர வேண்டியது என் பொறுப்பு என்று ஃபேமிலி குரூப்பில் எழுதி வாங்கியிருக்கிறாள். அத்தான் சாட்சியாகத் தம்ஸ் அப் போட்டிருக்கிறார்.